வெயில் மாதத்து வெள்ளரி

உயிரோடிருக்கிற சக்களத்தி என்றால் குழாயடியில் வைத்து ஒரு கை பார்த்துவிடலாம். என்னுடையவள் செத்து நாலு வருடமாகிறது. ஆனாலும் வேளை தவறாமல் சாப்பாட்டுத் தட்டில் வந்து உட்கார்ந்துவிடுவாள்.

எல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்தால் வந்த வினை. மழை விட்டதும் கீரை, குளிர் தொடங்கினால் அவரை, அது ஓய்ந்தால் சர்க்கரைவள்ளி, பிறகு கொய்யா என்று பார்த்துப் பார்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் மகராசி, அவள் விதையே வருடா வருடம் முளைக்கிறது. பஸ் ஓட்டும் என் வீட்டுக்காரருக்குக் கடைக் காய் என்றாலே ஆகாது. "அந்தந்த மாசம் நம்ம மண்ணுல விளையறதச் சாப்பிட்டா டாக்டருக்கு வேலையே இல்ல" என்பார். சாப்பிடட்டும், நான் என்ன தட்டையா பிடுங்கினேன்? ஆனால் ஒரு வாய் மென்றதுமே "அவ வச்ச கொடி" என்று ஒரு பெருமூச்சு வரும். பத்து வயதில் அவள் பெற்ற மகள் ஒருத்தி, அவளும் கூடவே தலையாட்டுவாள். நார் உரித்து, நறுக்கி, அடுப்படியில் வெந்தவள் நான். பேர் அவளுக்கு. அந்த வீட்டில் நான் உப்புக்குச் சப்பாணி.

கட்டிக்கொண்டு வந்து ஒரு வருடம் வயிறெரிந்த பிறகுதான் ஓர் ஓட்டை கண்ணில் பட்டது. வெயில் உச்சிக்கு ஏறும் மாதத்தில் தோட்டத்தில் ஒன்றுமே இல்லை. அந்த மாதம் மட்டும் அவர் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு கடைக் காயைத் தின்றார்.

"அவளுக்கு வெயில் ஒத்துக்காது. தலைவலின்னு படுத்துடுவா," என்றார்.

அப்பாடா, அவளாலும் முடியாத மாதம் ஒன்று இருக்கிறது. செத்தவளின் தலைவலிக்குச் சந்தோஷப்பட்ட பாவி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மறுவருடம் அந்த மாதத்தில் காய்க்கிற மாதிரி பார்த்து வெள்ளரி விதை ஊன்றினேன். அரிசி களைந்த தண்ணீர், துணி அலசிய தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். காய்த்தது பாருங்கள், கொடி தெரியாமல் காய்த்தது. அவர் ஒரு துண்டு கடித்தார், இன்னொன்று எடுத்தார், "நல்லாருக்கு" என்றார். யார் வைத்தது என்று சொல்லவில்லை. அவர் மகளோ கடித்துக்கொண்டே எழுந்து போய்விட்டாள். "சித்தி வச்சது" என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

மாதக் கடைசியில் பறிக்கப் போனேன். இருந்ததிலேயே பெரிய காய் ஒரு பழைய சாக்குக்கு அடியில் மஞ்சளாகப் பழுத்துக் கிடந்தது. யாரோ வேண்டுமென்றே மூடி வைத்திருக்கிறார்கள். என் காய் தட்டுக்கு வரக்கூடாது என்று இவ்வளவு வஞ்சமா என்று எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"யாரு பண்ண வேலை இது?"

துணி உலர்த்திக்கொண்டிருந்த அவர் மகள் வந்து நின்றாள்.

"நான்தான் சித்தி. யாரும் பறிச்சிடாம விதைக்கு விட்டேன்."

"விதை வேணும்னா என்கிட்ட கேக்கறதுக்கென்ன? கடையில வாங்கித் தரமாட்டேனா?"

"கடை விதை வேணாம். இது நீங்க வச்சது." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்க இல்லாமப் போயிட்டாலும் இந்த மாசத்துக்கு நீங்க வரணும்ல."

இத்தனை நாளும் நான் ஏங்கிக் கிடந்தது இதற்குத்தான். கேட்டதும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் எங்கடி போகப்போறேன்? இங்கதான் இருப்பேன்."

"அம்மாவும் அப்படித்தான் சொன்னாங்க," என்றாள்.

பழத்தைப் பிளந்து பாதியை அவள் கையில் கொடுத்தேன். இரண்டு பேருமாக உட்கார்ந்து விதையை வழித்தெடுத்தோம்.