முன்னால் ஏறியவள்

புஷ்பவல்லி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

அவள் கணவர் அய்யாவு போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டியவர். எண்பத்து நாலில் ஒருநாள், வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தவரைச் சந்தியில் நிற்காமல் வந்த கார் ஒன்று அடித்துப் போட்டது. இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. உள்ளே இரும்புத் தகடு வைத்து எட்டு ஆணி முடுக்கினார்கள். கிளட்ச் மிதிக்கிற கால் அதுதான். லோரியும் போயிற்று, சம்பளமும் போயிற்று. நஷ்டஈடு கேட்டுக் கார்க்காரன்மேல் கேஸ் போட்டார்கள்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று புஷ்பவல்லி பத்துமலை முருகனிடம் பேரம் பேசியிருந்தாள். இந்த மனுஷன் எழுந்து நடந்தால் பால்காவடி எடுக்க வைக்கிறேன் என்று. நேர்ந்துகொண்டது இவள், எடுக்க வேண்டியது அவர். நம் வீடுகளில் இது சகஜம், யாரும் நியாயம் கேட்பதில்லை. ஒன்றரை வருஷம் கழித்துத் தைப்பூசத்தன்று அய்யாவு காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு இருநூற்று எழுபத்திரண்டு படியும் ஏறினார். இவள் முன்னால் போய்க் கூட்டத்தை விலக்கினாள். வேல் வேல் என்று தொண்டை கிழியக் கத்தினாள். மேலே ஒரு பத்திரிகைக்காரர் படம் எடுத்துவிட்டு அவரை விசாரித்தபோது, முந்திக்கொண்டு பதில் சொன்னவளும் இவள்தான். மறுநாள் தமிழ்ப் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்துவிட்டது: ‘கால் முறிந்தவர் காவடி எடுத்தார், துளி வலியும் இல்லை என்கிறார் மனைவி.’ அவர்கள் குடியிருந்த கம்பத்தில், அந்தச் சின்னக் கிராமத்தில், ஒரு வீடு விடாமல் கொண்டுபோய்க் காட்டினாள்.

அந்தப் பத்திரிகைதான் அடுத்த வருஷம் பிரிக்ஃபீல்ட்ஸில் அவர்களுடைய லாயர் தியாகராசாவின் மேசைமேல் கிடந்தது.

“எதிர்ப்பக்கத்து லாயர் அனுப்பியிருக்கார். காவடி தூக்கி மலை ஏறுற ஆளுக்கு லோரி ஓட்ட முடியாதான்னு கேக்குறார். அய்யாவு, உள்ளதச் சொல்லுங்க. ஏறுறப்ப வலிச்சுதா?”

அய்யாவு வாயைத் திறப்பதற்குள் புஷ்பவல்லி திறந்துவிட்டாள். “வலியா? வலியே இல்ல சார். அவரையே கேளுங்க.”

அய்யாவு மனைவியைப் பார்த்தார். “இல்ல சார்,” என்றார்.

தியாகராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அம்மா, நீங்க முருகனுக்கு சாட்சியா, புருஷனுக்கு சாட்சியா? கோர்ட்ல இதையே சொன்னா கேஸ் போயிரும்.”

“அதுக்காக சாமி செஞ்சத இல்லேன்னு சொல்லச் சொல்றீங்களா?”

“நடந்ததச் சொல்லச் சொல்றேன், அவ்வளவுதான்.”

கிள்ளான் பஸ்ஸில் அவள் பொரிந்து தள்ளினாள். “வலிச்சதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. சாமி குத்தம் ஆயிரும். குடுத்த கால அவனே திருப்பி எடுத்துக்குவான்.”

“சரி லா,” என்றார் அய்யாவு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி. அவர் அப்படித்தான். சண்டை போடத் தெரியாத மனுஷனைக் கட்டிக்கொண்டால் இது ஒரு தொல்லை. எது சம்மதம், எது விட்டுக்கொடுப்பு என்று கடைசிவரை விளங்காது.

கேஸ் நாளன்று கோர்ட்டில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்றாவது மாடி. கீழேயே புஷ்பவல்லியின் செருப்பு வார் கழன்றுகொண்டது. “நீங்க போய்க்கிட்டே இருங்க,” என்று குனிந்து வாரை மாட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

அவர் ஏறிக்கொண்டிருந்தார். வலது காலை மேல்படியில் வைத்தார். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, இடது காலை இழுத்து அதே படியில் சேர்த்தார். நின்றார். பிறகு அடுத்த படி. பின்கழுத்தெல்லாம் வியர்வை. கம்பத்து வீட்டில் ஏது மாடிப்படி? அவர் ஏறுவதைப் பின்னாலிருந்து அவள் பார்த்ததே இல்லை.

பக்கத்தில் போனதும் அய்யாவு முதுகை நிமிர்த்தி, “வா, நேரமாச்சு,” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்கு நன்றாகத் தெரியும். பத்துமலையில் ஒவ்வொரு முறை திரும்பியபோதும் அதைத்தான் பார்த்தாள். அடிப்பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

“கேட்டா உள்ளதச் சொல்லிடுங்க,” என்றாள்.

“சாமி குத்தம்னு சொன்னியே?”

“அது எனக்கும் அவனுக்கும் உள்ளது. நான் பேசிக்கிறேன்.”

கூண்டில் நின்ற அய்யாவுவிடம் எதிர்ப்பக்கத்து லாயர் பத்திரிகையை நீட்டினார். அவர் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்.

“வலிச்சது,” என்றார் அய்யாவு.

“எந்தப் படியில?”

“எல்லாப் படியிலயும்.”

“அப்ப உங்க மனைவி பத்திரிகையில சொன்னது பொய்யா?”

“பொய் இல்லைங்க. அவளுக்குத் தெரியாது. அவ முன்னால போனா. திரும்பிப் பாக்குறப்பல்லாம் அவ்வளவு சந்தோஷமா இருந்தா. அவகிட்ட எப்படிச் சொல்றது?”

மொழிபெயர்ப்பாளர் சற்றுத் தயங்கித்தான் அதை மலாயில் சொன்னார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த புஷ்பவல்லி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். ஊரெல்லாம் தூக்கிக்கொண்டு திரிந்த சந்தோஷம், அவளைத் தலை குனிய வைத்தது.

மதியத்துக்குள் எதிர்ப்பக்கம் இறங்கி வந்துவிட்டது. கேட்டதில் முக்கால்வாசி தருகிறார்கள் என்று தியாகராசா வந்து சொன்னார். அய்யாவு தலையாட்டினார்.

இறங்குவது ஏறுவதைவிட மோசமாக இருந்தது. அவள் அவருடைய கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு படியாக, பக்கத்திலேயே இறங்கினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவர் நின்றார்.

“வலிக்குதாங்க?”

காவடிக்குப் பிறகு அவள் அதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. அய்யாவு சிரிக்கவில்லை.

“வலிக்குது புஷ்பா,” என்றவர், ஆட்கள் ஏறி இறங்குகிற அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழத் தொடங்கினார்.