வில்லுக்காரர் வரும் நாள்

என் வீட்டுக்காரர் சுரேஸ் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டினார். மாசி மாதத்தில் மட்டும் அவர் மன்மதன். எங்கள் கலியாணத்துக்கு முன்பிருந்தே தோட்டத்துக் காமன் கூத்தில் அந்த வேஷம் அவருக்குத்தான். மூங்கிலை வளைத்து வில்லைச் செய்வார். அதற்கு வண்ணக் கடதாசி சுற்றுவது என் வேலை. சிவப்பில் தொடங்கி ஊதாவில் முடிக்க வேண்டும். நடுவில் ஒரு நிறம் மாறினாலும் பிரித்து மறுபடி சுற்றச் சொல்வார்.

கூத்தின் முடிவில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறப்பார். மன்மதன் விழுவான். அவனுக்குப் பதிலாக வைக்கோல் கட்டிய கம்பத்தை எரிப்பார்கள். ரதி அழுவாள். மூன்றாம் நாள் மன்மதனை எழுப்புவார்கள். எழுந்தவர் வேஷத்தோடே நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வருவார். எங்கள் மகள் விதுர்ஷா வாசலில் ஒரு வாளி சுடுதண்ணியோடு நிற்பாள். முகச்சாயத்தைக் கழுவிவிடுவது அவள் உரிமை.

"யோவ் மன்மதா, காதுக்குப் பின்னால இன்னும் இருக்கு, குனி."

"அப்பாவையே யோவ்ங்கிறியா? ஒங்கம்மா பழக்கினதா?"

போன வருடம் அப்படிக் கழுவும்போதுதான் அவள் கேட்டாள்.

"அப்பா, வானத்துல இருக்கிற வில்லாம், அதான் வானவில்லாம். சிங்களத்துல தேதுன்ன. அதுன்னா சாமியோட வில்லாம். டீச்சர் சொன்னாங்க. எந்தச் சாமியோடது?"

"இதென்ன கேள்வி? இந்தத் தோட்டத்துல வில்லு வச்சிருக்கிறது யாரு?"

"நீங்க."

"அப்ப யாரோடது? என்னை எரிச்சதும் அதை மேல மாட்டி வச்சிருவேன். எந்திரிச்சு வரும்போது எடுத்துக்குவேன்."

"அது தெரிஞ்சா நீங்க வர்றீங்கன்னு அர்த்தமா?"

"ஆமா. நீ தண்ணியச் சுட வை."

எல்லோரும் சிரித்தோம்.

அதே வருடம் ஐப்பசியில், கவ்வாத்து மலையில் குளவிக்கூடு கலைந்து அவரைக் கொட்டியது. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் எரித்தோம். சுடலையிலிருந்து எழுந்த புகை லயத்து வாசலுக்குத் தெரிந்தது. விதுர்ஷா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழவில்லை. புள்ளைக்கு இன்னும் வெளங்கல என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எரித்த மூன்றாம் நாள் சாயங்காலம் மழை விட்டு வெயில் அடித்தது. நான் சுவரோடு சாய்ந்து கிடந்தேன். அடுப்படியிலிருந்து புகை வந்தது. என் மதினி, என் வீட்டுக்காரரின் அக்கா பரிமளம், பதறி எழுந்தார்.

"துக்க வீட்டுல அடுப்பு மூட்டுனது யாருடி?"

விதுர்ஷா ஊதுகுழலோடு எட்டிப் பார்த்தாள். கன்னமெல்லாம் சாம்பல்.

"நான்தான் அத்தை. வெளிய பாருங்க, வில்லு வந்துருச்சு. அப்பா வர்றதுக்குள்ள தண்ணி சுடணும்ல."

வெளியே பங்களா மலைக்கு மேல் அது இருந்தது. சிவப்பில் தொடங்கி ஊதாவில் முடிந்தது. ஒரு நிறமும் மாறவில்லை.

அடுப்பை அணைக்க மதினி எடுத்த செம்பு கையிலேயே இருந்தது. அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீர் கொதித்தது. நான்தான் இறக்கி வாளியில் ஊற்றிக் கொடுத்தேன். அவள் அதை வாசலில் வைத்து, தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் மலைக்கு மேல் இருந்தது மங்கிப் போய், இல்லாமல் ஆனது.

"எடுத்துட்டாரும்மா!" என்று கத்தினாள். "அப்பா வில்ல எடுத்துட்டாரு. இந்தா எறங்கி வந்துருவாரு."

சுடலைப் பாதையில் யாரும் வரவில்லை. பக்கத்து லயத்து ரஹ்மத்தும்மா எங்களுக்குச் சோறு கொண்டுவந்தார். அவரிடமும், "கொஞ்சம் ஒதுங்குங்க, பாதை மறைக்குது" என்றாள்.

பிறகு வாளிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"தண்ணி ஆறிருச்சும்மா. இன்னொரு தடவ சுட வைக்கவா?"

சரி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நாளைக்கும் சுட வைப்பாள்.

"வேணாம்டா" என்றேன். "இந்தத் தடவ அப்பா வேசம் போடல."

அவள் என்னையே பார்த்தாள்.

"அப்ப எரிச்சது கம்பம் இல்லையா?"

"இல்லடா. அப்பாவத்தான்."

உள்ளே மதினி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். விதுர்ஷா தோளிலிருந்த துவாயை மடித்து என் மடியில் வைத்தாள். வாளியைத் தண்ணி ஓடும் கானோரம் இழுத்துக்கொண்டு போனாள். ஒரே தடவையில் கவிழ்க்கவில்லை. அவர் குனிந்து நிற்கும்போது எப்படி ஊற்றுவாளோ, அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக, கண்ணில் படாமல் ஊற்றுகிற மாதிரி ஊற்றினாள்.