வெட்டிப்போட்ட இரண்டு நிமிடம்

வெள்ளிக்கிழமை காலை ஆல்பம் வெளியானது. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் டக்ளஸ் இணையத்தில் வந்த கருத்துகளையெல்லாம் மூன்று தடவை வாசித்துவிட்டார். நாற்பத்தொன்பது வயது, ஹட்டனில் கணக்கு வாத்தியார், "கவ்வாத்து" என்று தேயிலைச் செடி வெட்டும் வேலையின் பெயரை வைத்த மெட்டல் இசைக் குழுவுக்கு இருபத்தேழு வருடமாக டிரம்ஸ். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்குகிற மனிதர், முகம் தெரியாதவர்கள் எழுதும் நாலு வரிக்கு இப்படிப் பதறலாமா? பதறினார். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலேயே போனை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் ஒரு தடவை திரையைத் தள்ளினார்.

பதினொரு வருடம் கழித்து வந்த ஆல்பம். ரசிகர்கள் சும்மா விடுவார்களா? "பழைய வெறி எங்க போச்சு?" என்று கேட்டான் ஒருவன். "கீபோர்ட் கூடிப்போச்சு, பஜனை கேக்குற மாதிரி இருக்கு" என்றான் இன்னொருவன். பாடகர் ஜூட்சனின் கர்ஜனைக்கு வயதாகிவிட்டதாம். பன்னிரண்டு நிமிடம் ஓடுகிற முதல் பாட்டில் பத்து நிமிடம் வீணாம். இதுதான் இவர்களுடைய உச்சம் என்று சத்தியம் செய்தவர்களும் இருந்தார்கள். அவர்களை மற்றவர்கள் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள்.

சண்டையில்லாமல் எல்லோரும் புகழ்ந்தது ஒன்றைத்தான். கடைசிப் பாட்டு, "மேல் டிவிசன்". ஆறு வருடத்துக்கு முன் அக்கரப்பத்தனைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் மேல் டிவிசனில், அதாவது மேட்டுப் பகுதியில், மண் சரிந்து மூன்று பேரை மூடியது. அவர்களைப் பற்றிய பாட்டு அது. அதே தோட்டத்துச் செல்லசாமி தப்பு மேளம் அடிக்க, டக்ளசின் டிரம்ஸ் கூடவே ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் ஓடும். கடைசியில் கிட்டாரெல்லாம் நின்று, தப்பு மட்டும் அடித்துக்கொண்டே தேய்ந்து மறையும். "அந்த முடிவு இருக்கே, முடியவே இல்ல, இன்னும் காதுக்குள்ள ஓடுது" என்று டொரொண்டோவிலிருந்து ஒருவன் எழுதியிருந்தான். அந்த ஒரு வரியை டக்ளஸ் எத்தனை தடவை வாசித்தார் என்று கேட்காதீர்கள்.

அப்போதுதான் லோஜினியின் செய்தி வந்தது. அவரிடம் படித்த பிள்ளை, அதே தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை வீடொன்றில் இருக்கிறாள்.

"சேர், எங்க லயத்துல அந்தப் பாட்டைப் போடக்கூடாதுன்னுட்டாங்க. அது சாவு அடி. முடிக்காம விட்டா அடுத்த வீட்டத் தேடிப் போகும்னு எல்லாரும் பயந்துபோயிருக்காங்க. செல்லசாமி அண்ணன் இந்தக் கோயில் திருவிழாவுக்குத் தப்பு எடுக்கக்கூடாதுன்னு தலைவர் சொல்லிட்டாரு. நாளைக்குக் கோயில்ல கூட்டம்."

தட்டைத் தள்ளி வைத்தார். ஒலிப்பதிவு நாள் நினைவுக்கு வந்தது. "யாருக்கு சேர் அடிக்கணும்?" என்று செல்லசாமி கேட்டார். மண்ணில் போன மூன்று பேருக்கு என்று டக்ளஸ் சொன்னதும் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு நிறுத்தாமல் அடித்தார். கடைசி இரண்டு நிமிடம் அடி தளர்ந்து, விட்டு விட்டு, எந்த எண்ணிக்கைக்கும் அடங்காமல் விழுந்தது. தூக்கத்திலும் ஏழு எண்ணுகிற டக்ளசுக்கு அது பொறுக்கவில்லை. வெட்டிப்போட்டார். நடுவிலிருந்த ஒரு துண்டையே திரும்பத் திரும்ப ஒட்டி, சத்தத்தைக் குறைத்து மறையவிட்டார். பெரிய சாமர்த்தியம் என்று அன்றைக்குத் தன்னையே மெச்சிக்கொண்டார்.

உடனே செல்லசாமிக்குப் போன் போட்டார்.

"நான் முடிச்சுத்தான் சேர் வச்சேன்" என்றார் செல்லசாமி. குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "அந்த மூணு பேருக்கும் ஒடம்பு கெடைக்கல. ஒடம்பு இல்லாம எப்படி அடிக்கிறதுன்னு அப்ப யாரும் அடிக்கல. ஒங்ககிட்ட வந்துதான் மொதல்ல அடிச்சேன். ஆளுக்கு மூணு அடி, தனித்தனியா முடிச்சேன். நீங்க போட்டதுல அது இல்லயே?"

"இன்னொரு தடவை வந்து அடிச்சுத் தர்றீங்களா?"

"ஒரு சாவ ரெண்டு தடவ முடிக்க மாட்டோம் சேர்."

டக்ளஸ் சட்டையை மாட்டிக்கொண்டு ஜூட்சனின் வீட்டுக்கு ஓடினார். பதிவுகளெல்லாம் அங்கேதான் இருந்தன. விஷயத்தைக் கேட்டதும் ஜூட்சன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மச்சான், ஒனக்குப் பைத்தியமா? மொத்த ஆல்பத்துல அந்த ஒரு முடிவைத்தான் எல்லாரும் நல்லா இருக்குன்றாங்க. அதையும் கெடுக்கணுமா?"

"அந்தாளு திருவிழாவே போகுதுடா."

ஜூட்சன் உடனே கணினியைத் திறந்தார். வெட்டிய துண்டு இருக்குமா, அழித்துத் தொலைத்தோமா என்று டக்ளஸ் திரையை எட்டி எட்டிப் பார்த்தார். நல்லவேளை, குப்பை என்று பெயரிட்ட கோப்புறையில் கிடந்தது. சாயங்காலத்துக்குள் அதை ஒட்டிப் பாட்டை மறுபடி ஏற்றினார்கள். அரை மணி நேரத்தில் டொரொண்டோக்காரன் எழுதினான்: "நல்லா இருந்த ஒரே பாட்டையும் நாசமாக்கிட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு டக்ளஸ் ஒரு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக் கோயிலடியில் போய் நின்றார். லயத்துச் சனம் முழுக்க உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் செல்லசாமி கைகட்டி நின்றார். தோட்டத் தலைவர் சிவசாமிதான் முதலில் பேசினார்.

"எங்க சாவு ஒங்களுக்கு வெளையாட்டாப் போச்சுங்களா சேர்?"

"பிழை என்னோடதுங்க" என்றார் டக்ளஸ். "அவரு முழுசா முடிச்சுத்தான் குடுத்தாரு. எண்ணிக்கைக்கு வரலன்னு நான்தான் வெட்டினேன். இப்ப சேர்த்திருக்கேன். ஒரு தடவை கேளுங்க. அப்புறம் என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

சிவசாமி தலையசைத்தார். பாட்டு தொடங்கியது. ஜூட்சன் கர்ஜித்ததும் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார். ஏன் இவ்வளவு நீளமாகப் பாட்டுப் போட்டோம் என்று டக்ளஸ் வாழ்க்கையில் முதல்முறையாக நொந்துகொண்டார். எந்த நொடியிலும் யாராவது எழுந்து நிறுத்தச் சொல்வார்கள் என்று விரலை ஸ்பீக்கரின் பொத்தானிலேயே வைத்திருந்தார்.

கிட்டார்கள் நின்றன. தப்பு தனியாக அடித்தது. அடி தளர்ந்தது. மூன்று அடி. இடைவெளி. மூன்று அடி. மறுபடி இடைவெளி. மறுபடி மூன்று. அவ்வளவுதான்.

நல்லா இருக்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. நல்லா இல்லை என்றும் சொல்லவில்லை. முன்வரிசையில் இருந்த ராசம்மா எழுந்தார். மண் கொண்டுபோன மூவரில் ஒருவர் அவருடைய புருஷன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து, பக்கத்துப் பீலிக் குழாயில் கொட்டுகிற ஊற்றுத் தண்ணீரில் இரண்டு காலையும் கழுவிவிட்டு லயத்துக்குள் போனார். அவருக்குப் பின்னால் இன்னொரு பெண் எழுந்தாள். பிறகு ஆண்கள். சுடுகாட்டிலிருந்து வந்து வீட்டுக்குள் நுழையுமுன் கால் கழுவுகிறவர்களைப் போல, பீலியடியில் வரிசை கட்டிவிட்டார்கள்.

சிவசாமி செல்லசாமியைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை கொடி ஏத்துறோம். நேரத்துக்கு வந்துரு."

பிறகு டக்ளஸ் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் கால் கழுவிட்டுத்தான் சேர் போகணும்."

டக்ளஸ் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார்.