பாறையடியில் மூன்று வரிசை

என் அண்ணன் லோத்தருக்கு முழங்கால் வலி சரிவில் ஏறும்போது மட்டும்தான் வரும். ட்ரீர் நகரத்துக்குக் கால்பந்து பார்க்கப் போனால் வராது. மோசல் ஆற்றுக்கு மேலே செங்குத்தாக நிற்கும் எங்கள் குடும்பத் திராட்சைத் தோட்டத்தில் அவன் கால் வைத்துப் பத்து வருடம் ஆகிறது.

"குண்டுலா, இந்த வருஷத்தோட அந்தக் கொடியெல்லாம் பிடுங்கிடலாம். கீழ சமநிலத்துல மெஷின் ஒரு மணி நேரத்துல பறிச்சு முடிக்குது. நீ மேல கயிறு கட்டித் தொங்கிட்டிருக்கே."

"அந்த மெஷின் ஒயினை நீயே குடி."

சண்டை போட்டு ஓய்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். உச்சியிலுள்ள மூன்று ரீஸ்லிங் திராட்சை வரிசைகளை நான் விரும்பும் நாள்வரை பறிக்காமல் விடலாம். சாற்றின் இனிப்பு நூறு டிகிரி தாண்டினால் சரிவு பிழைக்கும், தாண்டாவிட்டால் கொடிகளைப் பிடுங்குவது. கைகுலுக்கிக்கொண்டோம்.

அக்டோபரில் மழை வரும் என்றார்கள். ஊரே அவசர அவசரமாகப் பறித்தது. பழம் கொடியிலேயே இன்னும் இனிக்கட்டும் என்று நான் மட்டும் காத்திருந்தேன். ஒரு வியாழக்கிழமை மேலே ஏறிப் பார்த்தால் என் மூன்று வரிசையும் மொட்டையாக நின்றன.

எங்கள் ஊர்ச் சரிவுகளில் வேலி கிடையாது. கணுக்கால் உயர எல்லைக்கல்தான். மழைக்கு முந்திவிடும் அவசரத்தில் பக்கத்துத் தோட்டத்து ஒட்மாரின் ஆட்கள் அந்தக் கல்லைத் தாண்டியிருந்தார்கள். அன்று மாலையே ஒட்மார் வெங்காயக் கேக்கோடு எங்கள் அடுப்படிக்கு வந்து நின்றார்.

"கல்லு கண்ணுல படலைம்மா. உன் பங்குச் சாறைக் குடுத்துடறேன்."

"எத்தனை டிகிரி?"

"எண்பத்தி நாலு."

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். லோத்தர் ஒரு துண்டு கேக்கை வாயில் போட்டபடி, "அப்ப பிடுங்கறதுக்கு ஆள் சொல்லிடறேன்" என்றான்.

அந்த மெல்லும் வாயைப் பார்த்ததும் என் அழுகை நின்றுவிட்டது. அடுத்தவர் வரிசையைப் பறித்தவர் தன் தோட்டத்தில் பறிக்காத வரிசைகளை எண்ணித் தர வேண்டும் என்ற ஊர் வழக்கம் நினைவுக்கு வந்தது.

"சாறு வேணாம், ஒட்மார் அண்ணே. வரிசைக்கு வரிசை குடுங்க."

ஒட்மாரிடம் மீதமிருந்தது பாறையடியில் சரியாக மூன்றே வரிசை. இடுப்பளவு களை வேறு.

"அதுவா! அங்க ஆடுகூட ஏறாதே."

"ஆட்டையா கேட்டேன்?"

"சரி, பந்தயத்துக்கு அதையே வெச்சுக்கோ. அதே மலைதானே" என்று லோத்தர் சிரித்தான்.

மழை மூன்று நாள் கொட்டித் தீர்த்தது. பிறகு காலையெல்லாம் மூடுபனி, மதியமெல்லாம் வெயில். பழங்கள் சுருங்கிச் சாம்பல் பூத்தன. இனிப்பைக் கூட்டுகிற பூஞ்சை அது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அழுகிப் போச்சா?" என்று லோத்தர் தினமும் கேட்பான்.

"நல்லா அழுகுது" என்பேன்.

நவம்பரில் இரண்டு நாள் ஒவ்வொரு பழமாகப் பொறுக்கினேன். பிழிந்தபோது சாறு தேன்போல மெதுவாக இறங்கியது. லோத்தர் ஒரு சொட்டை இனிப்பு அளக்கும் கண்ணாடியில் விட்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தான். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். வேடிக்கை பார்க்க வந்திருந்த ஒட்மாரிடம் நீட்டினான்.

"நூத்தி முப்பத்தொண்ணு!" ஒட்மார் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப்பாவமே, நான் ஒரு களைகூடப் பிடுங்காத கொடி!"

"களை பிடுங்காத கொடியே இப்படின்னா..." லோத்தர் என்னைப் பார்த்தான். "நம்ம கொடி என்ன குடுத்திருக்கும்?"

எனக்குக் கூரையேறிக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவும் செய்தேன், முற்றத்தில் நின்று, ஆற்றின் அக்கரைக்கும் கேட்கும்படி.

பிப்ரவரியில் கொடிகளுக்குப் புதுக் கம்பு நட மேலே போனேன். பின்னால் யாரோ மூச்சு வாங்கும் சத்தம். கம்புக் கட்டைத் தோளில் சுமந்துகொண்டு லோத்தர் ஏறி வந்துகொண்டிருந்தான்.

"முழங்கால் எப்படிண்ணே இருக்கு?"

"வாயை மூடிட்டு சுத்தியலைக் குடு."