நான்கு மூலையிலும் மஞ்சள்

1

இந்தக் கதை எனக்குக் கைபேசியில் கிடைத்தது. பழைய பொருள் விற்கிற தளம் ஒன்றில் மர பீரோ தேடிக்கொண்டிருந்தேன். சம்பந்தமே இல்லாமல் ஒரு சினிமா போஸ்டர் வந்து நின்றது. கீழே இப்படி எழுதியிருந்தது: 'பழைய பட போஸ்டர். ஒட்டாதது. நான்கு மூலையிலும் மஞ்சள் கறை. இடம்: காரைக்கால். விலை: பேசிக்கொள்ளலாம்.'

பீரோவை மறந்துவிட்டேன். கறை என்றால் எங்காவது ஓரிடத்தில்தானே படும்? நான்கு மூலையிலும் அளந்து வைத்தமாதிரி எப்படிப் படும்? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விரல் பட்ட இடம் தெரிந்தது. மஞ்சளின் நடுவே குங்குமமும் இருந்தது. கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதுபோல யாரோ இந்தப் போஸ்டருக்கு வைத்திருக்கிறார்கள்.

அந்த யாரோ யார் என்று எனக்குத் தெரியாது. இனி இதில் வருகிறவர்கள் எல்லோரும் அந்த மஞ்சளைப் பார்த்து நான் இட்டுக்கட்டியவர்கள்.

2

எழுதிப் பார்த்துக் கைவிட்ட தொடக்கங்கள்:

'மீட்டர் கணக்கெடுக்கும் உத்திராபதிக்கு ஐம்பத்துமூன்று வயதில் சினிமாப் பைத்தியம் பிடித்தது.' (பொய். தியேட்டரில் உட்கார்ந்தால் இடைவேளைக்குள் தூங்கிவிடுகிற ஆள் அவர்.)

'வடிவாம்பாள் தன் அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்த அன்று அம்பகரத்தூரில் நல்ல மழை' (மழையில் தொடங்குகிற கதையை நானே படிக்க மாட்டேன்.)

'பழைய சினிமா போஸ்டரில் பணம் போடலாமா என்ற கேள்விக்கு' (இது கட்டுரை. ஆனால் கேள்வி என்னை விடவில்லை, பின்னால் வரும்.)

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வடிவாம்பாளின் அப்பா நிலம் அம்பகரத்தூரில் இருந்தது. அதில் தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டாள். அண்ணன் மூன்று லட்சம் கொடுத்தார். நெரவியில் தன் வீட்டு மாடியில் ஓர் அறை கட்டி, காரைக்காலில் வேலை பார்க்கிற பெண்கள் யாருக்காவது வாடகைக்கு விட வேண்டும் என்பது அவள் எண்ணம். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் யாரிடமும் கேட்காமல் எடுத்துச் செலவழித்த பணம் என்று அவளுக்கு ஒன்று இருந்ததில்லை. அந்த வாடகைதான் முதல் தடவையாக அப்படிப்பட்ட பணமாக இருந்திருக்கும்.

வங்கியில் போடச் சொல்லிப் புருஷனிடம் கொடுத்தாள். உத்திராபதி அந்தப் பணத்தில் பதினேழு சினிமா போஸ்டர் வாங்கினார்.

3

இந்த இடத்தில் உத்திராபதி மேல் எனக்கே நம்பிக்கை போய்விடுகிறது. இப்படியும் ஒருவர் செய்வாரா? இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். பிறகு அவருடைய வேலை ஞாபகம் வந்தது.

முப்பது வருடமாக வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிறவர். ஒரு வீட்டில் எண் தாவினால் மருமகன் வந்திருக்கிறார், ஏசி ஓடுகிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவார். அவர் பார்த்த எந்த மீட்டரிலும் எண் குறைந்ததில்லை. நாளாக ஆக ஏறும், அவ்வளவுதான். பழைய பொருளின் விலையும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். இந்தத் தப்பை மீட்டர் பார்க்கிறவரால்தான் இவ்வளவு நம்பிக்கையோடு செய்ய முடியும்.

யாரோ ஒருவர் பழைய போஸ்டரை லட்சக்கணக்கில் விற்றதாகக் கைபேசியில் ஒரு வீடியோ வந்தது. அதே வாரம் திருமலைராயன்பட்டினத்தில் ஜெய்னுலாபுதீன் வீட்டில் மீட்டர் பார்க்கப் போனவர், மீட்டருக்குக் கீழே ஒரு தகரப் பெட்டியைப் பார்த்தார்.

"வாப்பா டூரிங் கொட்டகை நடத்துனப்ப மிஞ்சுனது சார்," என்றார் ஜெய்னுலாபுதீன். "ஒட்டுனதெல்லாம் மாடு தின்னுடுச்சு. ஒட்டாதது இதுல கெடக்கு. என்ன வெல போவும்னு கேட்டீங்கன்னா எனக்குத் தெரியாது."

"தெரியாம எப்படி மூணு லட்சம் சொல்றீங்க?"

"நீங்க பெட்டிய மூடவே மாட்டேங்கிறீங்கள்ல. அத வச்சுத்தான்."

(படங்களின் பெயரைச் சொல்ல மாட்டேன். நானே ஒன்றை இட்டுக்கட்டினால் அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு படம் இருந்து தொலைக்கும். ஒரு போஸ்டரில் வெள்ளைக் குதிரையும் வாளும் உண்டு, வாள் பிடித்த கையில் ஆறு விரல். வரைந்தவர் அவசரத்தில் இருந்திருக்கிறார்.)

வாங்கிக்கொண்டு வந்த பிறகுதான் வடிவாம்பாளிடம் சொன்னார்.

"பேப்பரு எப்படிங்க பெருகும்?"

"வச்சிருந்தா பெருகும். பழசாவ ஆவ வெல ஏறும்."

"நம்ம வீட்டுல பழசாவாதது என்னங்க இருக்கு? எதுக்கும் ஏறலையே."

"இது வேற, வடிவு."

"அப்ப மாடி?"

"மூணு வருஷம் பொறுத்துக்க. ஒரு ரூமு என்ன, ரெண்டாவே கட்டிரலாம்."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்க வைத்திருக்கலாம். நான்கு வரி எழுதியும் பார்த்தேன். அவள் வாயில் என் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது, எடுத்துவிட்டேன்.

4

இப்போது அந்தக் கட்டுரை. ஒரு முழுநாள் இதைப் பற்றிப் படித்தேன். படிப்பதற்கு முன் கொஞ்சம் தெளிவாக இருந்தேன்.

தங்கத்தின் விலை கடைப் பலகையில் எழுதியிருக்கிறது. யார் கொண்டுபோனாலும் அதுதான். போஸ்டரின் விலை யாரோ ஒருவர் தலைக்குள் இருக்கிறது. அவர் எந்த ஊரில் இருக்கிறார், இன்றைக்கு என்ன மனநிலையில் இருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. 'அபூர்வம்' என்கிறார்கள். அபூர்வமான பொருளுக்கு வாங்குகிறவரும் அபூர்வமாகத்தானே இருப்பார்? ஒருவர் இது நல்ல முதலீடு என்கிறார். இன்னொருவர் ஆசைக்கு மட்டும் வாங்குங்கள் என்கிறார். இருவர் வீட்டிலும் விற்பதற்குப் போஸ்டர் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒன்றாக நிற்கிறார்கள்: மடிப்பு, கிழிசல், கறை எதுவும் கூடாது. காரைக்கால் கடற்காற்றில் காகிதத்தை அப்படிக் காப்பாற்றுவது லேசில்லை. உத்திராபதி அதைச் சரியாகச் செய்தார். இரண்டு பிளைவுட் பலகைக்கு நடுவே வைத்து, பூச்சி வராமல் கற்பூரம் போட்டு, பீரோ மேல் ஏற்றினார். கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் தொடுவார். வடிவாம்பாளைத் தொடவே விட்டதில்லை.* ஏன் தொடக் கூடாது என்று சொன்னதும் இல்லை.

* அவள் பணத்தில் வாங்கியது என்பதை இங்கே ஒருமுறை ஞாபகப்படுத்துகிறேன்.

5

இரண்டு வருடம் கழித்துச் சென்னையிலிருந்து பஞ்சநாதன் என்ற வியாபாரி பேசினார். அனுப்பிய படங்களைப் பார்த்திருந்தார். குதிரை போஸ்டர் மட்டும் அறுபதாயிரம் போகும், மற்றவற்றை ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்த்துச் சொல்கிறேன் என்றார். ஸ்பீக்கரில் பேசியதால் வடிவாம்பாளும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை உத்திராபதி வேலைக்குப் போனதும் அவள் தலைக்குக் குளித்தாள். பலகையை இறக்கிப் பதினேழையும் கூடத்தில் விரித்தாள். மஞ்சளைக் குழைத்தாள், குங்குமச் சிமிழையும் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அண்ணன் வீட்டில் அந்த விடுதலைப் பத்திரத்துக்கும் நான்கு மூலையில் மஞ்சள் வைத்துத்தான் பதிவுக்கு எடுத்துப் போனார்கள். அந்தக் காகிதம் மூன்று லட்சம் கொண்டுவந்தது. நல்ல காரியமாக வெளியே போகிற காகிதத்தை மொட்டையாகவா அனுப்புவது? 'பத்ரகாளி தாயே, இது நல்லபடியா போவணும்' என்று சொல்லிக்கொண்டே வைத்தாள். மொத்தம் அறுபத்தெட்டு பொட்டு. எண்ணியது நான், அவள் எண்ணவில்லை. காயவைத்து, இருந்தபடியே அடுக்கி, பீரோ மேல் ஏற்றினாள்.

புருஷனிடம் சொல்லவில்லை. விளக்கேற்றியதையெல்லாம் யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா?

இந்தப் பகுதியை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்காக வெட்கப்படுகிறேன்.

6

ஞாயிறு காலை பதினொரு மணி. பஞ்சநாதன் மேல் பலகையை எடுத்தார்.

"என்ன சார் இது? போட்டோல இல்லியே."

உத்திராபதி குனிந்து பார்த்தார். "பூச்சியா இருக்குமோ?"

"பூச்சி இப்படி வட்டமா திங்காது சார்."

காபியோடு வந்த வடிவாம்பாள் சிரித்தாள். "நான்தாங்க வச்சேன். நல்லபடியா போவட்டுமேன்னு. எல்லாத்துக்கும் வச்சிருக்கேன்."

பஞ்சநாதன் நல்ல மனிதர். அவளுக்கு எதிரே எதுவும் சொல்லாமல் காபியைக் குடித்து முடித்தார். வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் உத்திராபதியிடம் மெதுவாகச் சொன்னார்.

"அறுபதெல்லாம் இனிமே பேச முடியாது சார். பதினேழுக்கும் சேத்து முப்பதாயிரம் தரேன். அதுவே அம்மா கையால காபி குடிச்சிட்டேனேன்னுதான். யோசிச்சுச் சொல்லுங்க."

உத்திராபதி உள்ளே திரும்பினார். வடிவாம்பாள் காலி டம்ளரோடு நின்றிருந்தாள்.

"என்னங்க சொன்னாரு?"

7

இந்தக் கேள்வியில் மூன்று மாதமாக நிற்கிறேன். எழுதிப் பார்த்த பதில்கள் இவை.

முதலில், உண்மையைச் சொல்ல வைத்தேன். 'நீ வச்ச மஞ்சளால எல்லாம் போச்சு.' வடிவாம்பாள் தன் விரலைப் பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்தக் காகிதத்துக்கும் அவள் மஞ்சள் வைக்க மாட்டாள் என்று தெரிந்ததும் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

பொய் சொல்ல வைத்தேன். 'போஸ்டரே பழசு இல்லியாம். நான்தான் ஏமாந்துட்டேன்.' உத்திராபதி மேல் எனக்கு வந்த ஒரே மரியாதை இந்த வரியில்தான். ஆனால் மறுநாளே அவள் பஸ் ஏறிப் பட்டினம் போய், தனக்கு விலை தெரியாது என்று நேர்மையாகச் சொன்ன ஜெய்னுலாபுதீனைத் திருடன் என்று ஏசுவாள். அவர் என்ன பாவம் செய்தார்?

அப்புறம், மஞ்சள் வைத்த போஸ்டர் உலகத்திலேயே இவை மட்டும்தான் என்று மூன்று மடங்கு தருகிற ஒருவரை அழைத்து வந்தேன். மாடியில் இரண்டு அறையும் எழும்பிவிட்டன. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. அதனாலேயே நம்ப முடியவில்லை.

கடைசியாகத் தோன்றியதுதான் என்னைக் குழப்பிவிட்டது. அறுபது என்றதும் பஞ்சநாதன்தான், முப்பது என்றதும் அவர்தான். வந்த அன்று எப்படியும் விலையைக் குறைக்கத்தான் போகிறார். மஞ்சள் இல்லாவிட்டால் மடிப்பைக் காட்டியிருப்பார், ஆறு விரலைக் காட்டியிருப்பார். அவரை நல்ல மனிதர் என்று எழுதியவனே நான்தான். அப்படியானால் வடிவாம்பாள் கெடுத்தது எதை? கெடுப்பதற்கு அங்கே ஏதாவது இருந்ததா? உத்திராபதிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அவள் மட்டும் டம்ளரோடு நிற்கிறாள்.

8

நேற்று அந்த விளம்பரத்தை மறுபடி பார்த்தேன். இன்னும் இருக்கிறது. இந்த முறை ஒரு சொல்லில் கண் நின்றுவிட்டது. 'மஞ்சள் கறை.'

இதைத் தட்டியது யார்? உத்திராபதி என்றால் சரி, கறை என்ற பேச்சு அவள் காதுக்குப் போகாமல் விற்றுவிடப் பார்க்கிறார். வடிவாம்பாள் என்றால்? சாமியைக் கும்பிட்டு வைத்த அதே கையால் அதைக் கறை என்று எழுதியிருந்தால், அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று நான் எழுதவே இல்லை.

விளம்பரத்தில் கைபேசி எண் இருக்கிறது. ஒன்பது இலக்கம் வரை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். என்னால் முடியவில்லை, நீங்கள் கூப்பிடுங்கள். ஆண் குரல் என்றால் கவலையில்லை. பெண் குரல் என்றால், போஸ்டர் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். "இருக்குங்க, ஆனா மூலையில மஞ்சள் கறை இருக்கு," என்பார். பிறகு நீங்கள் பேசுவதற்காகக் காத்திருப்பார்.

அந்த இடத்தில் நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதுதான் முடிவு. விலையை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.