கரண்ட் போனாலும் ஓடுகிற டைமர்

பச்சமுத்துவுக்குத் தன் தம்பி வெற்றிவேல்மேல் பொறாமை. சுற்றி வளைத்துச் சொல்வானேன், ஊருக்கே தெரிந்த விஷயம்தான். தம்பி வண்டி வாங்கினால் அன்றைக்கு அண்ணனுக்குச் சோறு இறங்காது. மழை பெய்தால்கூடத் தம்பி கொல்லையில் கொஞ்சம் ஜாஸ்தியாகவும் தன் கொல்லையில் கொஞ்சம் கம்மியாகவும் பெய்ததாகத் தோன்றும். இரண்டு கொல்லைக்கும் நடுவில் ஒரு வரப்புதான். மழைக்கு அந்த வரப்பு எங்கே தெரியப் போகிறது? ஆனால் அவனிடம் இதை யார் சொல்வது.

தியாகதுருகத்துக்குத் தெற்கே இருந்த அந்தக் கொல்லை நிலத்தை, அப்பா போன பிறகு, சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கிணற்றையும் மோட்டாரையும் அப்படிப் பிரிக்க முடியவில்லை. அவை பொதுவில் நின்றன. இன்றைக்கு அண்ணன் முறை, நாளைக்குத் தம்பி முறை. முறைக்கு மூன்று மணி நேரம். பாதியில் கரண்ட் போனால், போன நேரத்தைப் பின்னால் கூட்டிக் கொடுத்துவிடுவது வழக்கம். எவ்வளவு நேரம் போனது என்பதில்தான் சண்டை வரும். அரை மணி என்பான் ஒருவன், முக்கால் மணி என்பான் மற்றவன்.

வெற்றிவேலின் மனைவி எழில்மதி கள்ளக்குறிச்சியில் காலேஜ் படித்தவள். அவளுக்கு எதற்கெடுத்தாலும் டைமர் வேண்டும். போனில் பிரவுசரைத் திறப்பாள், ஒரு பக்கம் வரும், நிமிடத்தைப் போட்டு ஸ்டார்ட்டை அழுத்துவாள், எண்கள் பின்னோக்கி ஓடத் தொடங்கும். சைபருக்கு வந்ததும் சேவல் கூவும். இட்லிக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று, சோப்பில் ஊறும் துணிக்கு ஒன்று, மகள் வீட்டுப்பாடம் எழுத ஒன்று, அதே மகள் டிவி பார்க்க இன்னொன்று. இரண்டு வீட்டுக்கும் ஒரே நடுச்சுவர். அந்தப் பக்கம் சேவல் கூவும்போதெல்லாம் இந்தப் பக்கம் பச்சமுத்துவுக்குச் சுருக்கென்று தைக்கும்.

“ஊர்ல சேவல் வெடிகாலைல ஒரு தபா கூவும். இங்க நாள் பூரா கூவிக்கினு கெடக்குது” என்றான் மனைவி ஜெயம்மாளிடம்.

“அவ வூட்ல பால் பொங்கி ஊத்தறதில்ல. உங்களுக்கு இன்னா நோவுது?”

“அடுப்பாண்ட நின்னு பாக்கத் துப்பில்ல, அதுக்கு ஒரு மிஷினு.”

நான்கு நாள் போனது. ஒரு காலையில் அவன் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது சேவல் கூவியது, இந்த முறை தன் வீட்டு அடுப்படியிலிருந்து. ஜெயம்மாள் ஒன்றும் நடக்காதது போல இட்லிச் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள். எழில்மதியிடம் கற்றுக்கொண்டுவிட்டாளாம். ஆப் எதுவும் ஏற்ற வேண்டியதில்லையாம், பக்கத்தைத் திறந்தால் போதுமாம். பச்சமுத்துவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் இட்லி பஞ்சாக இருந்தது, ஆறு தின்றான். அதே நாள் மத்தியானம், யாரும் பார்க்காத நேரத்தில், ஜெயம்மாளின் போனை எடுத்து இருபது நிமிடம் வைத்துக் கட்டிலில் ஒரு தூக்கமும் போட்டான். தம்பி வீட்டில் இருப்பது தன்னிடம் இல்லாமல் போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

பிறகு டைமர் மோட்டார் கொட்டாய்க்கும் வந்தது. எழில்மதி தன் பழைய போனைக் கொடுத்தனுப்பியிருந்தாள். மூன்று மணி நேரத்தைப் போட்டு ஸ்டார்ட்டரின் மேல் வைத்துவிட வேண்டும். கரண்ட் போனால் ஒரு அமுக்கு, நின்றுகொள்ளும். வந்தால் இன்னொரு அமுக்கு, விட்ட இடத்திலிருந்து ஓடும். சண்டை நின்றுபோனது. பச்சமுத்துவுக்கு அதுவும் பொறுக்கவில்லை. இத்தனை வருடம் தீராத சண்டையைத் தம்பி பெண்டாட்டி ஒரு போனை வைத்துத் தீர்த்துவிட்டாள் என்று ஊர் பேசிக்கொண்டதே, அதுதான் காரணம். யோசித்து யோசித்து ஒரு சந்தேகத்தைக் கண்டுபிடித்தான்.

பங்காளி வேடியப்பன் கொட்டாயில் உட்கார்ந்திருந்த நேரமாகப் பார்த்து ஆரம்பித்தான்.

“கரண்ட் வந்து கால் மணி கழிச்சு அமுக்கனா யாருக்குத் தெரியும்? அந்தக் கால் மணித் தண்ணி யாரு கொல்லைக்குப் போவுது?”

“நான் அப்பிடிச் செய்வனாண்ணா?” என்றான் வெற்றிவேல்.

“நீ செய்வேன்னு நான் சொல்லல. இனிமே டைமரை ஒரு தபா ஓட உட்டா உட்டதுதான். கரண்ட் போனாலும் சரி, இடி உழுந்தாலும் சரி, யாரும் தொடக் கூடாது. சேவல் கூவனா மோட்டாரை நிறுத்திடணும்.”

வேடியப்பன் அவனை ஒரு பார்வை பார்த்தார். “ரெண்டு பேருக்கும் தான பச்சமுத்து?”

“ரெண்டு பேருக்கும்தான்.”

“சரிண்ணா” என்றான் வெற்றிவேல். எப்போதும் இந்த ‘சரிண்ணா’தான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் திருப்பி நாலு வார்த்தை பேசி மனசு ஆறலாம், அதற்கும் வழி வைக்க மாட்டான்.

அந்த வாரமே பச்சமுத்து ஆசைப்பட்டது நடந்தது. தம்பி முறையில் கரண்ட் போனது. புதிதாக நட்ட கரும்பு, குருத்து சுருண்டு நின்றது. பச்சமுத்து கொட்டாய் வாசலில் குந்தி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு டைமரைப் பார்த்தான். மோட்டார் சத்தமில்லாமல் கிடந்தது, எண்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. கரண்ட் வந்து, பாதிக் கரும்புக்குத் தண்ணீர் போவதற்குள் சேவல் கூவியது. பச்சமுத்து தானே எழுந்துபோய் மோட்டாரை நிறுத்தினான். வெற்றிவேல் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். அண்ணனுக்கு வெகுநாள் கழித்து அன்றைக்கு நன்றாகப் பசித்தது.

சித்திரை பிறந்ததும் வெயில் ஏறியது. கல்வராயன் மலைப்பக்கம் மேகம் கூடுவதும் கலைவதுமாக இருந்ததே தவிர, கீழே ஒரு துளி விழவில்லை. பச்சமுத்துவின் மக்காச்சோளம் அப்போதுதான் கதிர் விட்டு மணி பிடிக்கும் பருவத்தில் நின்றது. இந்த நேரத்தில் தண்ணீர் தவறினால் கதிர் இருக்கும், உள்ளே மணி இருக்காது. மூன்று மாதப் பாடு மாட்டுத் தீவனமாகிவிடும். ஏற்கெனவே இலைகள் மத்தியானத்தில் குழலாகச் சுருளத் தொடங்கியிருந்தன.

அவன் முறை வந்தது. டைமரை ஓடவிட்டு, மடையைத் திறந்துவிட்டு நிமிர்ந்தான். முதல் பாத்தி நனைவதற்குள் கரண்ட் போய்விட்டது.

குட்டி போட்ட பூனை மாதிரி கொட்டாய்க்கும் கொல்லைக்கும் நடந்தான். லைன்மேனுக்குப் போன் போட்டான், எங்கோ கம்பி அறுந்துவிட்டதாம். ஸ்டார்ட்டரின் மேல் எண்கள் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தன. இரண்டு மணி ஒன்றாயிற்று, ஒன்று அரையாயிற்று. பக்கத்தில் யாருமில்லை. ஒரு அமுக்கு அமுக்கினால் நின்றுவிடும். விரல் அதுவரை போனது. போனதே தவிர, அமுக்கவில்லை. வேடியப்பனை வைத்துக்கொண்டு, தானே சொன்ன சொல் தடுத்தது. இன்றைக்கு மீறினால் நாளைக்குத் தம்பி சிரிப்பான் என்று நினைத்தான். வெற்றிவேல் அப்படிச் சிரிக்கிற ஆளே இல்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் எரிந்தது.

கரண்ட் வந்தபோது டைமரில் ஐந்தாறு நிமிடம்தான் மிச்சம். மூன்றாவது பாத்தியில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்போது சேவல் கூவியது. வெற்றிவேலும் எழில்மதியும் வரப்பில் வந்து நின்றார்கள்.

“ஓடட்டும்ண்ணா. பயிரு வாடிக்கினு நிக்குது. நீ பாட்டுக்குப் பாய்ச்சு” என்றான் தம்பி.

“பேசனது பேசனதுதான்.”

“நமக்குள்ள இன்னாண்ணா பேச்சு?”

“நீ ஒண்ணும் எனக்குப் பிச்சை போட வேணாம்” என்று சொல்லி, பச்சமுத்து மோட்டாரை நிறுத்தினான். கால் கழுவக்கூட நிற்காமல் சாலைக்கு ஏறி, தியாகதுருகம் போகிற பஸ்ஸைப் பிடித்தான்.

அங்கே அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தான், இரண்டு டீ குடித்தான், கடைக்காரர் அரசியல் பேசியதற்குத் தலையாட்டினான். சோளம் போயிற்று, போகட்டும், சொன்ன சொல் நின்றதல்லவா என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அதை அவனே நம்பவில்லை. பொழுது சாய்ந்ததும் கொல்லை வழியாகத் திரும்பினான்.

சோளக் கொல்லையில் கால் வைத்ததும் சேறு கணுக்காலுக்கு ஏறியது. பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நின்றது, கடைசி மடைவரை. வீட்டில் ஜெயம்மாள் முழங்கால்வரை சேறோடு குழாயடியில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“யாரு பாய்ச்சச் சொன்னது?”

“யாரும் சொல்லல. எழிலு வந்து கூப்பிட்டா, போனேன். அவ மடை மாத்தனா, நான் அணை போட்டேன். சொன்ன சொல்லுக்காவப் பயிரக் கொல்றதுக்கு எனக்கு மனசு வர்ல.”

“எவ்ளோ நேரம் உட்டீங்க?” என்றான். மூன்று மணி நேரமென்றால் தன் அடுத்த முறையிலிருந்து மூன்று மணி நேரத்தை எடுத்துத் தம்பி முகத்தில் எறிந்துவிடலாம். நான்கென்றால் நான்கு.

“எனக்கின்னா தெரியும்?”

“டைமர் போட்டீங்களா இல்லியா?”

“போடட்டுமான்னு கேட்டேன். கடை மடைக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் ஓடட்டும்க்கா, அண்ணன் தம்பிக்குள்ள இன்னா டைமருன்னுட்டா.”

“நாளைக்கு அவன் மொறை. கெணத்துல தண்ணி இருக்குதா?”

“இருக்கற வரைக்கும் எறச்சுக்கறேன்னாரு உங்க தம்பி.”

பச்சமுத்து திண்ணையில் போய் உட்கார்ந்தான். வண்டியில் தம்பி முந்தினான், கரும்பில் முந்தினான், அதையெல்லாம் எப்படியோ தாங்கியாயிற்று. அண்ணன் என்கிற ஒன்று மட்டுமே தனக்கென்று மிஞ்சியிருந்தது. இன்றைக்கு விட்டுக்கொடுத்து அதையும் அவன் எடுத்துக்கொண்டான். எடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் முடியாது, கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

விடிந்ததும் கொல்லைக்குப் போனான். சுருண்டிருந்த இலைகள் விரிந்து, கதிரெல்லாம் தெளிந்து நின்றன. சுற்றுவட்டாரத்தில் அப்படியொரு சோளம் இல்லை. வேடியப்பன் வரப்பில் நின்று, “தப்பிச்சிட்ட பச்சமுத்து” என்றார். பச்சமுத்து சோளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். தன் சொந்தக் கொல்லையைப் பார்த்து அவனுக்கு வயிறு எரிந்தது.