சேரியில் தொடங்கிய தண்டோரா

எண்பத்து நாலாம் வருஷம் கிளியனூருக்குக் கிழக்கே இருந்த அந்த ஊருக்கு ஐப்பசிக் கடைசியில் ஒரு புயல் வந்தது, பதினைந்தே நாளில் இன்னொன்றும் கிளம்பியது. மானங்கெட்ட விருந்தாளிகூட அத்தனை சீக்கிரம் திரும்பி வரமாட்டான்.

முதல் புயலில் பட்டதைச் சவுரிராயன் மறக்கவில்லை. ஊருக்குத் தண்டோரா போடுகிறவர் அவர்தான். பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு பிள்ளையார் கோயிலில் தொடங்குவார், நாட்டாமை பாண்டுரங்கன் வீட்டு வாசலில் முடிப்பார். சேரிக்கென்று தனியாக அடிக்கிற வழக்கமே கிடையாது. சேரியிலிருக்கிற தன் வீட்டுக்குப் போனதும் அவரே சொல்லிவிடப் போகிறார், அதற்கு ஒரு பறை வேறா என்பது ஊரின் நியாயம். அந்த நியாயப்படி, "எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்க" என்று நாலு தெருவிலும் அடித்துவிட்டு அவர் சேரிக்கு வந்து சொல்வதற்குள், தளம் போட்ட இரண்டு அறையிலும் ஊர்க்காரர்கள் பாய் விரித்துவிட்டார்கள். சேரி ஜனம் விடிய விடிய வராண்டாவில் சாரலில் கிடந்தது. நிறைமாதமாயிருந்த அவர் மகள் ஜெயம், வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு தூணோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். ஊரையெல்லாம் உள்ளே அனுப்பிவிட்டுப் பெற்ற பெண்ணை வெளியே உட்காரவைத்த தன் வாயை அன்று அவர் எத்தனை தரம் சபித்தாரோ.

இப்போது ஜெயத்துக்குப் பிள்ளை பிறந்து எட்டு நாள். காலையில் கிராம அதிகாரி சைக்கிளில் வந்தார். திண்டிவனத்திலிருந்து உத்தரவு வந்திருக்கிறது, சாயங்காலத்துக்குள் காற்று வந்துவிடும், உடனே தண்டோரா போடு என்றார். பள்ளிக்கூடத்தைத் திறந்துவைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

சவுரிராயன் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினார். தூறலில் தோல் தொய்ந்துவிடும், அந்தச் சூடு ஒரு சுற்றுக்குத்தான் தாங்கும். அப்புறம் அடித்தால் ஈரச் சாக்கைத் தட்டின மாதிரிதான் இருக்கும். இத்தனை வருஷமும் அந்தச் சூடு ஊருக்கே போயிருந்தது.

"கோயிலாண்ட போறியா?" என்று கேட்டாள் மனைவி இருதயமேரி.

"போறேன். முதல்ல இங்க."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நாட்டாமை சும்மா வுடமாட்டாரு."

"வுட வேணாம்."

சேரி நடுவில் நின்று ஓங்கி அடித்தார். அங்கே பறைச் சத்தம் கேட்டால் சாவு என்றுதான் அர்த்தம். வெளியே ஓடி வந்தவர்கள், "யாரு பூட்டாங்க?" என்றார்கள்.

"யாரும் பூடல. பூடக்கூடாதுன்னுதான் அடிக்கிறேன். புயல் வருது, பள்ளிக்கூடம் திறந்து கெடக்குது. ஜல்தி கிளம்புங்க."

பிறகு ஊருக்குள் போனார். வேலையில் வஞ்சகம் வைக்கவில்லை, ஒரு வாசலையும் விடவில்லை. பறை தொய்ந்துவிட்டதால் தொண்டை கிழியக் கூவினார். ஊர்க்காரர்கள் மாட்டை அவிழ்த்துக் கட்டி, மல்லாட்டைக் கடலை மூட்டையை மூடிவைத்துக் கிளம்பவே மத்தியானம் தாண்டிவிட்டது.

பாண்டுரங்கன் குடும்பத்தோடு வந்தபோது இரண்டு அறையிலும் சேரி ஜனம் உட்கார்ந்திருந்தது. சாரல் எட்டாத மூலையில் ஜெயமும் குழந்தையும் இருந்தார்கள்.

"இன்னாடா சவுரி, தண்டோராவை எங்க ஆரம்பிச்ச?"

"எங்க தெருவுலங்க."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கலீங்க."

"எல்லாரையும் எழுப்பி வராண்டாவுக்கு அனுப்பு. எங்க பொம்பளைங்க நனைஞ்சிகினு நிக்கிறாங்க."

"உள்ள வரட்டுங்க. நெருங்கி உட்கார்ந்தா எல்லாருக்கும் இடம் ஆவும். எங்க ஆளுங்க மட்டும் எழுந்திருக்க மாட்டாங்க. போன புயலுக்கு எம் பொண்ணு அந்தத் தூணாண்ட கெடந்தா. இன்னைக்குப் பச்சை உடம்பு."

சொல்லும்போது அவருக்குப் பயம்தான், இல்லையென்றால் பொய். ஆனால் பயத்தைவிடக் கோபம் ஒரு பிடி கூடுதலாக இருந்தது.

"அப்ப இனிமே இந்த ஊர்ல நீ பறையைத் தொடக் கூடாது" என்றார் பாண்டுரங்கன்.

சவுரிராயன் பறையைக் கழற்றி இரண்டு கையாலும் நீட்டினார். "இந்தாங்க. அடுத்த புயலுக்கு நீங்களே அடிங்க. எந்தத் தெருவுல ஆரம்பிக்கணுமோ அங்க ஆரம்பிச்சிக்குங்க."

மாட்டுத்தோல். பாண்டுரங்கனின் கை நீளவில்லை. அது மேலே பட்டுவிடப் போகிறதே என்று ஓரடி பின்னால் நகர்ந்தார், நேரே மழைக்குள்.

அவர் மனைவி தையல்நாயகி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இடுப்புக் குழந்தைக்குக் குளிரில் பல் கிட்டிக்கொண்டிருந்தது. "நீங்க நின்னு பேசி முடிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஜெயம் பாயைச் சுருட்டி இடம் விட்டாள். ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பின்னாலேயே போனார்கள், அப்புறம் ஆண்களும்.

சவுரிராயன் பறையை அந்தத் தூணோரம் சாத்தி வைத்தார். உள்ளே போய் மகள் பக்கத்தில் கால் மடித்து உட்கார்ந்தார். காற்று ஊளையிடத் தொடங்கியிருந்தது. வராண்டாவில் பாண்டுரங்கன் ஒருவர்தான் மிச்சம்.

"இடம் இருக்குதுங்க, வாங்க" என்றார் சவுரிராயன். நாட்டாமையிடம் அவர் உட்கார்ந்துகொண்டு பேசியது அதுதான் முதல் தடவை.